அறுந்தால் போடலாம்

நூல் மில்லில் பதினாலு வருஷம் நூல் சுற்றுகிற வைண்டிங் செக்ஷனில் நின்றேன். மில் மூடிய பிறகு போத்தனூரில் மீன், குருவி, முயல் விற்கிற ஒரு கடையில் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் அது. படித்தது அஞ்சாவது வரை. கூண்டுக்குள் வைக்கிற சாமான் செய்வது என் வேலை. வீட்டிலேயே செய்து பார்க்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

1. பல்

கடைக்காரர் பெயர் சம்பத். என்னைவிடப் பத்து வயது சின்னவர். முதல் நாள் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். உள்ளே பஞ்சு உருண்டை மாதிரி ஒன்று உட்கார்ந்து கன்னம் நிறையக் கம்பு தானியத்தை அடக்கிக்கொண்டிருந்தது. ஹாம்ஸ்டர் என்றார். எலிதானே என்று கேட்டேன்.

"மெதுவாச் சொல்லுங்கக்கா. எலின்னு தெரிஞ்சா ஆரு வாங்குவாங்க?"

அதற்கு ஒரு ஏணி செய்யச் சொன்னார். மரச்சட்டத்தில் செய்து, அழகாக இருக்கட்டும் என்று சிவப்பு எனாமல் பெயிண்ட் அடித்துக் காயவைத்து உள்ளே வைத்தேன். மத்தியானத்துக்குள் ஏணியின் ஒரு பக்கம் வெள்ளையாகிவிட்டது. அதன் வாயெல்லாம் சிவப்பு. சம்பத் ஏணியை எடுத்து வெளியே போட்டார். திட்டவில்லை.

"அது கண்ணுல பாக்காதுங்கக்கா. பல்லுலதான் பாக்கும்."

அன்றிலிருந்து ஒரு சாமானைக் கையில் எடுத்தால், இதைத் தின்றால் என்ன ஆகும் என்றுதான் முதலில் யோசிப்பேன். பெயிண்ட் கூடாது. வார்னிஷ் கூடாது. பிளைவுட்டில் பசை இருக்கிறது, கூடாது. பிளாஸ்டிக்கைக் கடித்துத் துண்டாக்கி விழுங்கும். ஆணி அடிக்காமல் மரத்தில் காடி வெட்டிச் சொருக வேண்டும். தேங்காய்த் தொட்டியை, அதாவது கொட்டாங்குச்சியை, நார் போகத் தேய்த்து, வாசல் வெட்டி, ஓரத்தை மழுக்கினால் நல்ல வீடு. சாயம் பூசாத மண்சட்டியும் ஆகும். வெயில் காலத்தில் அதற்குள்ளேயே கிடக்கும். மூங்கில் குழாயில் சிலாம்பு இருந்தால் சதையில் ஏறிவிடும், உள்பக்கமும் தேய்க்க வேண்டும். சக்கரத்தில் கம்பிக்குக் கம்பி சந்து விடக் கூடாது, ஓடும்போது கால் மாட்டும். மரமில்லில் இருந்து தூள் வாங்கினால் மோந்து பார்க்க வேண்டும். ஒருமுறை தைலமரத் தூள் வந்துவிட்டது. வாசமாக இருக்கிறதே என்று பரப்பினேன். நாலு ஹாம்ஸ்டரும் தும்மின. அள்ளிக் கொட்டினோம்.

இதெல்லாம் ஒரு வருஷத்தில் பழகிவிட்டது. எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன்.

2. பஞ்சு

கஸ்தூரி டீச்சர் எங்கள் கடைக்கு வந்தது ஆடி மாதம். அவர் வீட்டுக்காரர், நாங்கள் சார் என்போம், லேத் பட்டறையில் நின்றவர். வாதம் வந்து வலது கை, கால் இரண்டும் விழுந்துவிட்டது. பேச்சும் இல்லை. டாக்டர் அமுக்கச் சொல்லிக் கொடுத்த ரப்பர் பந்தைச் சுவரில் எறிந்துவிட்டாராம். சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறார், பார்க்க ஏதாவது அசைகிற மாதிரி வேண்டும் என்று டீச்சர் கேட்டார். மீன் தொட்டி வைத்துப் பார்த்திருக்கிறார்கள், சார் திரும்பவில்லை.

ஹாம்ஸ்டர் கொடுத்தோம். தொட்டி வீடும் சக்கரமும் பெயிண்ட் இல்லாத ஏணியும் நான் செய்தவை. மறுவாரம் டீச்சர் வந்தார். சாயங்காலம் அது சக்கரத்தில் ஏறுகிற நேரத்துக்கு சார் தானே தலையைத் திருப்பிக்கொள்கிறார் என்றார். அதைச் சொல்லும்போது டீச்சர் என்னைப் பார்க்கவில்லை, கடையில் இருந்த குருவியைப் பார்த்தார்.

எனக்கு மனசு பொங்கிவிட்டது. வேறு மில்லில் வேலை செய்கிற கூட்டாளியிடம் சொல்லி வைண்டிங் வேஸ்ட் ஒரு பை வாங்கினேன். கோனில் சுற்றும்போது மிஞ்சுகிற நூல் அது. மெஷின் துடைக்க விற்பார்கள். எண்ணெய் பட்டதை எடுத்துப் போட்டேன். சாயம் ஏறியதை எடுத்துப் போட்டேன். வெள்ளை வெளேர் என்று இருந்ததை மட்டும் உதிர்த்து டீச்சரிடம் கொடுத்து, இதைப் படுக்கையாகப் போடுங்கள் என்றேன். பருத்தியைவிட மெத்தென்று எது இருக்கிறது? கோயமுத்தூர்க்காரி நான், பருத்தியைப் பற்றி எனக்கு யார் சொல்ல வேண்டும்?

எட்டாம் நாள் காலை டீச்சர் டிபன் பாக்ஸோடு ஓடி வந்தார். மூடியில் ஓட்டை போட்டிருந்தது. சார் விடிந்ததில் இருந்து இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். காபியா, பெட்பேனா என்று டீச்சர் கேட்டுக்கேட்டு, கடைசியில்தான் அவர் பார்வை போகிற இடத்தைப் பார்த்திருக்கிறார்.

ஹாம்ஸ்டரின் பின்னங்கால் வீங்கியிருந்தது. பாதம் கறுத்துவிட்டது. மேலே ரோமத்துக்குள் நூல்.

சம்பத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். நூலின் நுனி தேடுவது என் தொழில். கோன் ஓடும்போதே நுனி பிடிக்கிற கை. அன்றைக்கு நுனி கிடைக்க ரொம்ப நேரம் ஆனது. ஊசியை அடியில் விட்டுத் தூக்கி நகவெட்டுக் கத்தரியால் வெட்டினேன். மூன்று சுற்று இருந்தது. சதைக்குள் போயிருந்தது. அது கத்தவில்லை. இதயம் அடிப்பது துண்டுக்கு வெளியே தெரிந்தது.

சம்பத் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார்.

"சேலை நூல் விழுந்திருக்கும்னு சொல்லிப் போடலாங்கக்கா. கடைப் பேரு கெட்டுப் போயிரும்."

நான் முன்பக்கம் வந்து சொன்னேன். "டீச்சர், நான் குடுத்த நூலுங்க. எம் மேலதான் தப்பு."

டீச்சர் "பொழைக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வெளியே ஒரு எருமை நின்றது. டாக்டர் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, "எருமைக்கு ஊசி போட்ட கையில இதுக்கு எத்தனை சொட்டும்மா போடறது?" என்றார். ஆனாலும் பொறுமையாகப் பார்த்தார். பாதம் தங்காது, தானாக விழுந்துவிடும், சீழ் பிடிக்காமல் இருந்தால் உயிர் நிற்கும் என்றார்.

ஆறு நாளில் பாதம் விழுந்தது. உயிர் நின்றது.

3. டீச்சர் வீட்டில்

மூன்று காலுக்குத் தகுந்த மாதிரி சாமானை மாற்ற வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக்குப் போனேன். சார் என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். யார் என்று டீச்சர் சொல்லியிருப்பார். அது நியாயம்தான்.

ஏணியை எடுத்தேன். சக்கரத்தையும் எடுத்துவிட்டேன். தண்ணீர்க் குப்பியைத் தாழ்த்திக் கட்டினேன். தொட்டி வீட்டின் வாசலைத் தரைமட்டத்துக்கு வெட்டினேன். படுக்கைக்கு அச்சடிக்காத மெல்லிய வெள்ளைத் தாள் கொண்டுபோயிருந்தேன். கீழே உட்கார்ந்து பட்டை பட்டையாகக் கிழித்தேன். ஒவ்வொரு பட்டையையும் இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தேன். பட்டென்று அறுந்தால் உள்ளே போட்டேன்.

மில்லில் நூல் அறுந்தால் குற்றம். அறாத நூலுக்குத்தான் பேர். பதினாலு வருஷம் அதையே பார்த்த கை, அந்த நூலை வாங்கியபோது அழுக்கு பார்த்தது, சாயம் பார்த்தது. இழுத்துப் பார்க்கவில்லை. கூண்டுக்குள் போடுவது காலில் சுற்றினால் அறுந்து வழி விட வேண்டும். அறாத நூல் நல்ல நூல், ஆனால் அங்கே போட ஆகாது.

இதைச் சாரிடம் சொன்னேனா, சுவரிடம் சொன்னேனா தெரியாது. வாய்விட்டுத்தான் சொன்னேன்.

அடுத்த தாளைக் கிழித்தேன். கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு கேட்டது. சார் திரும்பியிருந்தார். இடது கையை நீட்டினார். எதைக் கேட்கிறார் என்று புரியாமல் ஒரு தாளைக் கொடுத்தேன். விழுந்துபோன வலது கையை இடது கையால் தூக்கித் தாளின் ஒரு ஓரத்தில் வைத்தார், கல்லை வைக்கிற மாதிரி. மறு ஓரத்தைப் பிடித்து இழுத்தார். கோணலாகக் கிழிந்தது. இரண்டாவது கொஞ்சம் நேராக வந்தது. டீச்சர் அடுப்படி வாசலில் டம்ளரோடு நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை.

மூன்றாவது பட்டையை சார் என் பக்கம் நீட்டினார். நான் இழுத்தேன். அறுந்தது. அடுத்த தாளுக்குக் கை நீட்டினார்.

அந்த ஹாம்ஸ்டர் மூன்று காலில் இன்னும் ஒன்றேகால் வருஷம் இருந்தது. அது போன பிறகும் சார் நிறுத்தவில்லை. மாதம் இரண்டு பை தாள்பட்டை டீச்சர் கொண்டுவந்து தருவார். எங்கள் கடை ஹாம்ஸ்டர் எல்லாம் அதில்தான் படுத்தன.

வீட்டில் செய்கிறவர்கள் நூல், துணி, நார் எதுவாக இருந்தாலும் உள்ளே போடும் முன் இரண்டு விரலால் இழுத்துப் பாருங்கள். அறாவிட்டால் வெளியே வையுங்கள். நான் அதைக் கற்றது இன்னொரு உயிரின் காலில்.