நாலு பேர் இடைவெளி

மருந்தாளர் படிப்பில் சேர்ந்தபோது புத்தளம் நகரிலேயே ஓர் அறையில் நான் தங்கிப் படிக்க அப்பா ஏற்பாடு செய்திருந்தார். மாம்புரியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தால் படிக்க நேரம் இருக்காது என்பது அவர் எண்ணம். வேண்டாம் என்று மறுத்தது நான்தான். அவளுக்காக மறுத்தேன்.

அவள் எத்தாளைக்காரி. உயர்தர வகுப்பிலிருந்தே என் தோழி. தனியாகப் போய்வருவதென்றால் படிப்பே வேண்டாம் என்று அவளுடைய வாப்பா சொல்லிவிட்டார். நான் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். எத்தாளையில் நீங்கள் ஏற்றிவிடுங்கள், மாம்புரியில் அதே பஸ்ஸில் நான் ஏறுகிறேன், திரும்பும்போதும் சேர்ந்தே வருவோம் என்றேன். அவர் "ஒங்கள நம்பித்தான் அனுப்புறன் மகள்" என்றார். ஒன்றரை வருடம் அப்படியே போய்வந்தோம்.

இரண்டாம் வருடத்தின் நடுவில் புதிதாக ஒரு விரிவுரையாளர் வந்தார். நாங்கள் மிஸ் என்று கூப்பிடுவோம். இனி குழுவாகத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றார். வீட்டில் வாசித்துவிட்டு வரவேண்டும். முதலில் தனியாக ஒரு பரீட்சை. பிறகு அதே கேள்விகளுக்குக் குழுவாகப் பேசி விடை சொல்லவேண்டும். லொத்தர் சீட்டைப் போல சுரண்டிப் பார்க்கும் விடைத்தாள் ஒன்று குழுவுக்குக் கிடைக்கும். அந்தப் புள்ளிகள் எல்லோருக்கும் பொது. ஒருமுறை அமைந்த குழு வருடம் முடியும்வரை மாறாது.

சிநேகிதர்கள் சேர்ந்து குழு அமைத்தால் பேச்சுத்தான் நடக்கும், படிப்பு நடக்காது என்று மிஸ் முதலிலேயே சொல்லிவிட்டார். முப்பது பேரையும் வரிசையாக நிறுத்தி, பார்மசியில் வேலை செய்தவர்கள் முன்னுக்கு, அடுத்து ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள், கடைசியில் மற்றவர்கள் என்று பிரித்து, ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணச் சொல்வார். ஒரே எண் சொன்னவர்கள் ஒரே குழு. மேல்வகுப்பில் அவர் முந்தின வாரமே இப்படிக் குழு பிரித்திருந்ததால், இதை அந்த மாணவிகள் எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள்.

வழியைக் கண்டுபிடித்தது அவள்தான். அவளுக்குக் கணக்கு நன்றாக ஓடும். இருவரும் கடைசிப் பிரிவில்தான் நிற்போம், நடுவில் சரியாக நாலு பேர் நின்றால் ஒரே எண் வரும் என்றாள். குழு பிரிப்பதற்கு முதல்நாள் பின்னேரம் பஸ்ஸில் விரல்விட்டு மூன்று தரம் எண்ணிப் பார்த்தோம்.

மறுநாள் வரிசையில் அவள் முன்னால், நான் பின்னால். நடுவில் நாலு பேர். எண்ணத் தொடங்கினார்கள். எங்கள் வகுப்பில் வயதில் மூத்த ஒருவர் இருந்தார். பார்மசியில் எட்டு வருடம் நின்றவர். கேட்ட மருந்தின் அளவைப் புத்தகம் பார்க்காமல் சொல்லுவார். அவர் "இரண்டு" என்றார். அப்போது அவள் தலையை நீட்டி முன்னால் நிற்பவர்களை எண்ணுவதைக் கண்டேன். பிறகு தனக்கு முன்னால் நின்ற பிள்ளையின் தோளைத் தட்டினாள். இருவரும் இடம் மாறினார்கள். எண்ணிக்கை வந்தபோது அவள் "இரண்டு" என்றாள். எனக்கு மூன்று வந்தது.

வகுப்பு முடிந்து கேட்டேன். அந்தப் பிள்ளைதான் இடம் மாறக் கேட்டதாகச் சொன்னாள். நம்பினேன். அன்று பஸ்ஸில் அவளைத் தேற்றியதும் நான்தான்.

இடம் மாறிய பிள்ளை சிலாபம் பக்கம். அந்தப் பிள்ளைக்கும் மூன்று வந்ததால் என் குழுவுக்கு வந்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து, குழுவாகக் கதிரைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தபோது, ஒரு கள்ளமும் இல்லாமல் சொன்னாள்.

"உங்கட சிநேகிதி அதுக்கு முதல் நாள் காலமையே என்னட்ட சொல்லிட்டா. தனக்கு முன்னால நிக்கட்டாம், தட்டினா இடம் மாறட்டாம். நீங்களும் சேர்ந்துதான் கதைச்சிருப்பீங்க எண்டு நினைச்சன்."

காலையிலேயே. அன்று பின்னேரம்தான் பஸ்ஸில் என் விரல்களைப் பிடித்து எண்ணிக்காட்டினாள்.

பஸ் நிலையத்தில் வைத்துக் கேட்டேன். உப்பளக் காற்றில் அவளுடைய ஹபாயா படபடத்துக்கொண்டிருந்தது. மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மறுக்கவில்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா நீ அழுவாய்."

"எண்ண வச்சு ஏன் ஏமாத்தினாய்?"

அவள் வீதியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "என்னோட இருந்தா ஒவ்வொரு விடைக்கும் நீ என்ட முகத்தத்தான் பாப்பாய். எனக்கு அது ஏலாது. புள்ளி கொறஞ்சா வாப்பா நிப்பாட்டிடுவாரு."

அவள் சொன்னது பொய் இல்லை. நான் அவளுடைய முகத்தைப் பார்ப்பேன்தான். அதை அவள் ஒரு பாரமாக இத்தனை நாளும் சுமந்துகொண்டு, என்னுடன் சிரித்துக் கதைத்து வந்திருக்கிறாள் என்பதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. நகரில் தங்கியிருந்தால் எனக்கு இரண்டு மணிநேரம் மிச்சம் என்று சொல்ல வாய்வரை வந்தது. பஸ் வந்ததும் ஏறினோம். வாக்குக் கொடுத்தது அவளுடைய வாப்பாவுக்கு. அதனால் கடைசிவரை அவளுடன் போய்வந்தேன். பாடத்தைத் தவிர வேறு கதை இல்லை.

ஒருநாள் மிஸ் ஒரு நோயாளியின் விபரம் தந்தார். பிரஷர் மாத்திரை ஒழுங்காகக் குடிக்கும் அம்மா ஒருவருக்கு பிரஷர் இறங்கவில்லை. ஏன்? எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில் விடை அட்டையைத் தூக்கவேண்டும். அவள் இருந்த இரண்டாம் குழு, மாத்திரையின் அளவு போதாது என்றது. எங்கள் குழு மட்டும் முழங்கால் வலிக்கு அவர் குடிக்கும் மாத்திரையைச் சொன்னது. அதற்கு என் குழுவைச் சம்மதிக்க வைத்தவள் நான். எங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான் நடந்தது. மிஸ் என்னை எழுந்து விளக்கச் சொன்னார். அந்த வலி மாத்திரையே பிரஷரை ஏற்றும் என்று விளக்கினேன். சரி என்றார். அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

இருவரும் பாஸானோம். அவளுக்கு என்னைவிட நல்ல புள்ளி. இப்போது சிலாபத்தில் வேலை செய்கிறாள். போன வருடம் தன் குழந்தையின் படத்தை அனுப்பி, "வந்து பாரு" என்று எழுதியிருந்தாள். குழந்தை வடிவு என்று பதில் போட்டேன். இன்னும் போகவில்லை.