நான் கட்டிய சுருக்கு

காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதி வேண்டுமென்று நாவலப்பிட்டி விவசாயிகள் கூட்டத்தில் உரக்கப் பேசியவன் நான். என் மரவள்ளித் தோட்டத்தைக் கிளறிப் போட்டிருந்தனவே! அனுமதி வரும்வரை பொறுக்காமல், ஆட்டோவின் பழைய பிரேக் கம்பியில் அங்கே பன்றிக்குச் சுருக்கும் கட்டினேன்.

மறுநாள் காலைப் பனிமூட்டத்தில் இடம் பிசகி, அதில் என் காலே மாட்டியது. இழுக்க இழுக்க இறுகியது.

பனிக்குள் மூச்சுச் சத்தம். கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு பன்றி வந்து என் காலை முகர்ந்தது. பிறகு, நான் அங்கே இல்லாததுபோல, பக்கத்திலேயே நின்று கிழங்கு தின்றது.

அது போன பிறகுதான் கத்தினேன். பக்கத்து வீட்டுச் செல்வி குறடு கொண்டுவந்து கம்பியை வெட்டினாள்.

"கட்டுனவன் கை வெளங்காம போகட்டும்ணே!"

"ஆமா" என்றேன்.

அடுத்த கூட்டத்திலும் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். காலில் அந்த மூச்சின் சூடு பட்டது. உட்கார்ந்துவிட்டேன்.