பத்துத் தட்டில் மூன்று

ஸாலிஹாவின் அலுமாரியில் மேல்தட்டு முழுவதும் கடதாசிகள். வயல் உறுதிப் பத்திரம், கணவர் சரீபின் இறப்புச் சான்றிதழ், துவக்கின் அனுமதிப் பத்திரம் எல்லாம் தனித்தனி உறைகளில், மூலையில் திகதி எழுதி இருக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். ஆனால் அரசாங்கக் கச்சேரியில் எந்த எழுதுவினைஞரும் அவளைப் பார்த்து "இந்தக் கடதாசி இல்லையே" என்று ஒருநாளும் சொன்னதில்லை. அப்படிச் சொல்ல இடம் வைக்கிறவளும் இல்லை.

கடதாசிகளைவிடப் பெரிய பெருமை ஒன்று அவளுக்கு இருந்தது. தம்பி ஜெமீல். உம்மா மௌத்தானபோது அவனுக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினான்கு. அவனைப் பார்க்கத்தான் அவளுடைய படிப்பு நின்றது. இப்போது சீனன்குடாச் சந்திக்குக் கிட்ட அவனுக்குச் சொந்தமாக ஒரு லேத் பட்டறை. வள்ள எஞ்சின், தண்ணீர்ப் பம்பி, நெல் வெட்டும் மெசின், எது உடைந்தாலும் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் அவனிடம்தான் வரும். "என்ட தம்பிட கை பட்டா இரும்பும் சொல்லுக் கேக்கும்" என்று ஸாலிஹா கலியாண வீட்டிலும் சொல்வாள், மௌத்து வீட்டிலும் சொல்வாள்.

துவக்கு சரீபுடையது. ஒற்றைக் குழல், நெஞ்சளவு உயரம். கிண்ணியாவுக்கு உள்ளே, காட்டோரமாக இருக்கும் நாலு ஏக்கர் வயலைப் பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் காக்க அரசாங்கம் அனுமதி கொடுத்த துவக்கு. ஐந்து வருடத்துக்கு முன் சரீப் போனபிறகு அனுமதியைத் தன் பெயருக்கு மாற்ற அவள் கச்சேரி ஏறினாள். வரிசையில் நின்ற ஒருவர் சிரித்தார்.

"பொம்பிளைக்கு எதுக்கு ராத்தா துவக்கு?"

"யானை, ஆம்பிளை வயலா பொம்பிளை வயலா எண்டு பாத்தா வருது?" என்றாள் ஸாலிஹா.

அவள் ஒருநாளும் சுட்டதில்லை. பரணில் இருந்து காவல் காத்தவர் தம்பலகாமத்துத் தவராசா. சரீபின் காலத்திலிருந்தே பதினொரு வருடமாக அந்த வயலின் காவற்காரர். போன வருடம் அவர்தான் வந்து சொன்னார், குதிரையைப் பின்னுக்கு இழுத்தால் நிற்காமல் வழுக்குகிறது என்று. குதிரை என்பது துவக்கின் முதுகில் இருக்கும் சின்னச் சுத்தியல். அதை இழுத்து நிறுத்தி வைத்தால்தான் விசையை அழுத்தும்போது வெடிக்கும்.

ஸாலிஹா துவக்கை ஜெமீலின் பட்டறைக்குக் கொண்டுபோனாள். அவன் இரண்டு தரம் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினான்.

"இது என்ட வேலையில்ல ராத்தா. அனுமதியுள்ள ஆள்தான் திருத்தணும். கண்டிக்கு அனுப்புங்க."

"கண்டிக்கு அனுப்பி எப்ப வாறது? கதிர் வந்திட்டுது."

"பம்பி பிழைச்சா தண்ணி வராது, அவ்வளவுதான். இது பிழைச்சா?"

"உனக்கா பிழைக்கும்? விசர்க் கதை கதையாத. நீ செய்யாததை ஆர் செய்வான்?"

அவன் சிரித்துவிட்டான். அக்கா அப்படிச் சொல்லும்போது அவனுக்கு மறுக்க வராது. அது அவளுக்கும் தெரியும். குதிரையைப் பிடித்து நிறுத்தும், தேய்ந்துபோன உள் நாக்கைத் திருத்தி மூன்றாம் நாள் கொடுத்தான். குதிரை நின்றது. கதவு சாத்திய சத்தம்போல 'டக்' என்று நின்றது. அந்த வாரம் முழுக்க ஸாலிஹா அதைத்தான் ஊருக்குச் சொல்லித் திரிந்தாள்.

அந்த வயல் வரம்பு நெடுக வரிசையாக ஏழு பரண்கள். பொழுது சாயும் மஃரிபு நேரத்தில் காவற்காரர்கள் ஏறியதும் முதல் பரண்காரன் துவக்கின் அடிக்கட்டையால் பலகையில் மூன்று தரம் தட்டுவான். அடுத்த பரண் மூன்று தட்டில் பதில் சொல்லும். அப்படியே ஏழாவது பரண்வரை போகும். நான் வந்துவிட்டேன், முழித்திருக்கிறேன் என்பதுதான் அதன் பொருள். எந்தப் பரண் பதில் சொல்லவில்லையோ அங்கே மற்றவர்கள் பந்தத்தோடு ஓடுவார்கள். கைபேசி வந்தபிறகும் தட்டு நிற்கவில்லை. அங்கே சிக்னல் கிடைக்காது. துவக்கும் வெறுந்துவக்காக இருக்காது. யானை நெல்லுக்குள் நின்றால் ரவைத் தோட்டா போட நேரம் ஏது? ரவை போட்டு, குதிரையை இழுத்து வைத்துத்தான் எல்லோரும் தட்டுவார்கள். பிழையான பழக்கம்தான். ஆனால் நாற்பது வருடத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

போன மாசியில், கதிர் பால்பிடித்து நின்ற ஒரு மாலை, தவராசாவுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டு ஸாலிஹா வரம்பில் நடந்துகொண்டிருந்தாள். முந்திய பரணிலிருந்து மூன்று தட்டு வந்தது. தவராசா எழுந்து நின்று தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது தட்டில் துவக்கு வெடித்தது.

பரணின் தகரக் கூரையில் ஒரு பெரிய ஓட்டை. அவர் தலையில் கட்டியிருந்த துவாயின் ஓரம் கருகிப் போயிருந்தது. அவர் ஏணியில் இறங்கி வந்தார்.

"என்ட விரல் பட்டிருக்கும் போல அக்கா," என்றார். "எப்பிடிப் பட்டுதெண்டு தெரியேல்ல."

விரல் படவில்லை. ஸாலிஹா வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய இரண்டு கைகளும் மேலே, குழலைத்தான் பிடித்திருந்தன. அவள் வாயில் வந்தது இதுதான்:

"கவனமா இருக்க வேணாமா, தவராசா?"

அடுத்த வாரம் அவர் வேலைக்கு வரவில்லை. தன் கையை இனி நம்ப ஏலாது என்று சொல்லியனுப்பினார். பரண்காரர்களிடையே கதை பரவியது. அவரை வேறு யாரும் காவலுக்குக் கூப்பிடவில்லை. இப்போது யாருடையதோ எருமைப் பட்டியில் சாணம் அள்ளுகிறார்.

ஸாலிஹா துவக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ரவை இல்லை என்று இரண்டு தரம் பார்த்தாள். அறைக் கதவைச் சாத்தி, சாக்கை நாலாக மடித்துத் தரையில் போட்டு, குதிரையை இழுத்து வைத்து அடிக்கட்டையால் தட்டினாள். பத்துத் தட்டில் மூன்று தரம் குதிரை தானாக விழுந்தது. மறுநாளும் பார்த்தாள். பத்தில் இரண்டு. கலண்டர்த் தாளின் பின்பக்கம் இரண்டையும் திகதியோடு எழுதி, துவக்கின் உறைக்குள்ளேயே வைத்தாள். ஜெமீலிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் முகம் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். ஊர் அறிந்தால் அவன் பட்டறை என்ன ஆகும் என்றும் தெரியும். பொலிஸ் கேட்டால்? அதையும் யோசித்தாள். தவராசாவை யோசிக்காமல் இருக்கத்தான் அவளால் முடியவில்லை. தம்பலகாமத்துத் தயிர்ச்சட்டியைக் கடையில் கண்டாலும் மனம் அந்தப் பட்டிக்குப் போய் நின்றது.

இந்த வருடம் அவள் வயலைக் குத்தகைக்கு விட்டாள். துவக்குக்கு வேலை இல்லை. ஐந்தாம் பரண் வயலை வாங்கியிருந்த மூதூர் றுவைஸ் தனக்குக் கேட்டான். அவனிடம் அனுமதி இருந்தது, கைமாற்றுவதற்குக் கச்சேரிக் கடிதமும் வந்துவிட்டது.

"துவக்கு எப்பிடி ராத்தா?"

"ஜெமீல் பாத்துத் தந்தது," என்றாள்.

"ஜெமீல் நானா பாத்ததெண்டா வேற கேள்வியே இல்ல," என்றான் றுவைஸ். ஜெமீல் அவனுக்கு நானா, அண்ணன் மாதிரி.

பொய் சொல்லவில்லை என்று அன்று முழுவதும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். லுஹர் தொழுகையில் எத்தனை றக்அத் தொழுதோம் என்று மறந்து மீண்டும் தொழுதாள். பின்னேரம் றுவைஸுக்கு அழைப்பு எடுத்தாள்.

"தம்பி, ஒரு கதை. பரண்ல துவக்கால தட்டாம ஒரு கம்பால தட்டினா என்ன?"

றுவைஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "கம்பால தட்டினா அடுத்த பரண்காரன் மரங்கொத்தி எண்டு நினைச்சுப் படுத்திருவான் ராத்தா. எப்பிடியும் நான் தட்டப் போறதில்ல. என்ட மச்சான் பக்கீர்தான் இந்தமுறை பரண்ல. தங்கச்சி றிஷானாட மாப்பிள்ளை. கலியாணம் முடிச்சு நாலு மாசம்தான், வீட்ட விட்டுக் கிளப்புறதே பெரும்பாடு."

அவன் இன்னும் ஏதோ பகிடி சொன்னான். ஸாலிஹாவின் காதில் ஏறவில்லை.

சனிக்கிழமை காலை றுவைஸ் வந்தான். ஜெமீலும் வந்தான், எண்ணெய்த் துணியோடு. தான் திருத்திய சாமான் வேறு கைக்குப் போகும்போது துடைத்துக் கொடுக்காவிட்டால் அவனுக்குப் பொறுக்காது. விறாந்தையில் கதிரையில் இருந்து குழலைத் துடைத்தான்.

"பாத்தீங்களா றுவைஸ், குதிரை நிக்கிற நிலை? புதுச் சாமானும் இப்பிடி நிக்காது."

ஸாலிஹா உள்ளே போய் அந்தச் சாக்கை எடுத்துவந்து, நாலாக மடித்து அவர்கள் முன்னால் போட்டாள்.

"என்ன ராத்தா செய்றீங்க?" என்றான் ஜெமீல்.

"பொறு." துவக்கை வாங்கி, திறந்து, ரவை இல்லை என்று இருவருக்கும் காட்டினாள். மூடி, குதிரையை இழுத்து வைத்தாள். தட்டினாள்.

குதிரை நின்றது.

இரண்டாம் தட்டுக்கும் நின்றது. மூன்று, நாலு, ஐந்து. ஜெமீலின் முகத்தில் ஒரு சிரிப்பு விரிந்தது. "ராத்தாவே சோதிச்சுக் குடுக்கிறா. வேறென்ன வேணும்?"

ஆறு.

"போதும் ராத்தா, நல்ல துவக்குத்தானே," என்று றுவைஸ் எழும்பிக் கை நீட்டினான்.

இப்போது நிறுத்தினால் அவள் ஒன்றையும் மறைத்ததாக ஆகாது. எல்லார் கண் முன்னாலும் தட்டிக் காட்டியாயிற்று. தம்பியின் சிரிப்பும் அப்படியே இருக்கும். கையை எடுக்க அவளுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். பக்கீர் என்ற அந்தப் பிள்ளையின் முகத்தை அவள் கண்டதில்லை. கண்ணுக்குள் நின்றது கருகிய துவாய்தான்.

ஏழு.

எட்டாவது தட்டில் குதிரை விழுந்தது. 'டக்.'

ஜெமீல் துவக்கைப் பறிக்காத குறையாக வாங்கித் தானே தட்டினான். நாலாம் தட்டில் விழுந்தது. அவன் அதை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டான்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"போன மாசி." கலண்டர்த் தாளை எடுத்துக் கொடுத்தாள்.

அவன் வாசித்தான். "பத்தில மூண்டு. திகதியும் போட்டிருக்கிறீங்க. எனக்கு ஒரு சொல்லு சொல்லல்ல."

"உன்ட பேருக்கு ஒண்டு வந்திரக் கூடாதெண்டு..."

"என்ட பேரா? ஒரு மனுசன்ட தலை போயிருந்தா என்ட பேரை வெச்சு என்ன செய்ற?"

றுவைஸ் மெல்லக் கேட்டான். "அப்ப தவராசாட விரல்?"

"படல்ல. நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"அல்லாவே! மாரி தொடங்கக்க எனக்கிட்ட வேலை கேட்டு வந்தாரே. கை சரியில்லாத ஆளெண்டு நான்தான் திருப்பி அனுப்பினன்."

"இவனைப் பிழை சொல்லாதீங்க, றுவைஸ்," என்றாள் ஸாலிஹா. "இவன் முதலே ஏலாதெண்டு சொன்னவன். நான்தான் நெருக்கினது. அந்த மனுசன் தன்ட விரல்தான் எண்டு சொல்லக்க வாயை மூடிக்கொண்டு நிண்டதும் நான்தான்."

திங்கட்கிழமை கச்சேரியில் எழுதிக் கொடுத்துத் துவக்கைப் பொலிஸில் ஒப்படைப்பது என்று முடிவாயிற்று. யார் திருத்தியது என்று கேட்டால் தானே சொல்கிறேன் என்றான் ஜெமீல். துவக்கு அலுமாரிக்குள் போனது. ஸாலிஹா பூட்டிய கையோடு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"தம்பலகாமத்துக்குப் போவம்," என்றாள். றுவைஸ் தன் வான் வண்டியைத் திருப்பினான். ஜெமீலும் பின்னால் ஏறினான்.

தவராசா பட்டி வாசலில் நின்றார். மெலிந்திருந்தார். மூவரையும் கண்டதும் கையைச் சாரத்தில் துடைத்தார்.

"வாங்கோ அக்கா. என்ன இந்தப் பக்கம்?"

ஸாலிஹா நேராகவே சொன்னாள்: "தவராசா, அண்டைக்கு உங்கட விரல் படல்ல. துவக்குத்தான் பிழை. தட்டினா விழுது."

அவர் வலக்கையைத் திருப்பிப் பார்த்தார். "எப்ப தெரிஞ்சது?"

"அண்டைக்கே."

எருமை ஒன்று வாலால் ஈ விரட்டியது. அவர் விரலை ஒருதரம் மடக்கி நீட்டினார்.

"ஒரு வருசமா இந்த விரலோடதான் சண்டை பிடிச்சனான்," என்றார். "சோறு குழைக்கேக்கையும் அதைத்தான் பாத்தனான்."

றுவைஸ் முன்னால் வந்து, ஐந்தாம் பரணுக்கு வரச் சொல்லிக் கேட்டான். புது மாப்பிள்ளைக்குப் பரண் பழக்கமில்லை, கூட இருந்தால் நல்லது என்றான்.

"வாறன்," என்றார் தவராசா, றுவைஸைப் பார்த்து. "ஆனா வெறுந்துவக்காலதான் தட்டுவன். அந்தப் பொடியனுக்கும் அதைத்தான் பழக்குவன்."

ஜெமீலிடம் பட்டறை நடப்பை விசாரித்தார். மூவருக்கும் பிளேன்டீ வந்தது. ஸாலிஹாவுக்கு நீட்டும்போது, "சீனி போட்டிருக்கு, எடுங்கோ," என்றார். அவ்வளவுதான். முன்பெல்லாம் வாய்க்கு வாய் வரும் 'அக்கா' அதற்குப் பிறகு ஒருமுறைகூட வரவில்லை. அவள் அதைக் கவனித்தாள். கேட்கவில்லை. தேத்தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்து, கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டு வண்டியில் ஏறினாள்.