சரளாவின் வெள்ளை சாக்ஸும் வண்டலூரில் ஒன்றரை கிலோமீட்டரும்

சர்க்கரை நோய் உள்ளவரை அழைத்துக்கொண்டு வண்டலூர் மிருகக்காட்சி சாலையைச் சுற்றிப் பார்க்க முடியுமா என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். முடியும். ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு பயணம் போக வேண்டும், காலுக்குச் செருப்பும் சாக்ஸும் தேடி. நாங்கள் அந்த இரண்டு பயணமும் 1996 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் போனோம். விலைகள் எல்லாம் அந்தக் காலத்தவை. கால்கள் மாறவில்லை என்பதால் மற்றவை இன்றைக்கும் உதவும்.

அப்போது எங்கள் வீடு கூடுவாஞ்சேரியில். நான் குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். என் மனைவி சரளா தாம்பரத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தாள். இருவரும் ஒரே மின்சார ரயிலில் போவோம். வண்டலூர் வந்ததும் அவள் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்ப்பாள். உள்ளே சிங்கம் இருக்கிறது, யானை இருக்கிறது, நாம் பத்து வருஷமாக வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறோம் என்பாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று நான் சொல்வேன். எத்தனை ஞாயிறுகள் அப்படிப் போயின என்று எனக்கே தெரியாது.

95 மே மாதம் ஒரு கோயிலில் நண்பகல் வெயிலில் வெறுங்காலோடு பிராகாரம் சுற்றினாள். கல் கொதித்துக் கிடந்தது. நான் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடினேன். அவள் நிதானமாக நடந்து வந்தாள். "உங்களுக்கு ரொம்பத்தான்" என்று சிரித்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு பாதத்திலும் கொப்புளம். "வலிக்கவே இல்லைங்களே" என்றாள். சர்க்கரை வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. பாதத்தில் உணர்ச்சி போயிருந்தது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. இடது கால் ஆறிவிட்டது. வலது காலில் சீழ் பிடித்து, சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. நாலு மாதம் படுக்கை.

எழுந்து உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் விஷயம், "வண்டலூர்ல சுத்திப் பார்க்க நடந்துடுவேனா?"

அந்தக் கேள்வியை அப்படியே இரும்புலியூர் கிளினிக்கில் ரோஸி சிஸ்டரிடம் கேட்டேன். சரளாவின் புண்ணுக்குக் கட்டுப் போட்டு ஆற்றியவர் அவர்தான். "நடக்கலாம் சார். ஆனா இந்த ஹவாய் செருப்புல கூடாது. திருமுடிவாக்கத்துல ஒருத்தர் எம்.சி.ஆர். ரப்பர்ல செருப்பு வெட்டித் தர்றார். அதைப் போடட்டும். உள்ள சாக்ஸ் போடட்டும். வெள்ளையா வாங்குங்க. கசிஞ்சா கண்ணுக்குத் தெரியணும்" என்றார். எம்.சி.ஆர். என்பது கட்டை விரலால் அழுத்தினால் உள்வாங்கும் மெத்தென்ற ரப்பர். உடம்பு பாரத்தை ஒரே இடத்தில் இறக்காது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. காலை 8.10 ரயில், ஆளுக்கு மூன்று ரூபாய் டிக்கெட், 8.35-க்குத் தாம்பரம். முதலில் சாக்ஸ். சண்முகம் ரோட்டில் நாலு கடை ஏறினோம். எல்லாமே பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுவது. மேல்விளிம்பில் இறுக்கமான எலாஸ்டிக், கழற்றினால் கணுக்காலில் பள்ளம் விழும். சரளா ஒவ்வொன்றிலும் கையை விட்டு, விரல் நுனி வரும் இடத்தில் தையலைத் தடவிப் பார்த்தாள். நாலாவது கடையில் ஆண்கள் அளவில் பருத்தி சாக்ஸ் இருந்தது. மேலே தளர்வு, ஆனால் உள்ளே கயிறு மாதிரி ஒரு தையல். அவள் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்பக்கத்தை வெளியே புரட்டி, ஸ்டூலில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டாள்.

"அக்கா, திருப்பிப் போட்டுட்டீங்க" என்றார் கடைக்காரர்.

"தெரியும். தையல் வெளியே இருந்தா விரல்ல உரசாது. இதுலயே மூணு ஜோடி குடுங்க."

ஜோடி பதினெட்டு ரூபாய். இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. பிற்பாடு ரோஸி சிஸ்டர் தன்னிடம் வருகிறவர்களுக்கெல்லாம் அப்படியே போடச் சொன்னார்.

தாம்பரத்திலிருந்து திருமுடிவாக்கத்துக்குத் திருநீர்மலை வழியாகப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். பஸ்ஸில் ஏறி இறங்கி நடப்பது வேண்டாம் என்று ஆட்டோ பிடித்தேன். போகவர, நிற்பது சேர்த்து நூற்று இருபது ரூபாய். ஓட்டுநர் பெயர் கன்னியப்பன், நாற்பது வயதுக்குள் இருக்கும். வெறுங்காலோடு ஓட்டினார். செருப்பு போட்டால் பிரேக் பிடிபடாதாம்.

"அந்த ஏரியா முச்சூடும் லேத்து பட்டறதான் சார். செருப்புக்கா அங்க போறீங்க?" என்று கேட்டுவிட்டு வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

அவர் சொன்னது சரிதான். தொழிற்பேட்டைக்குள் எங்கே பார்த்தாலும் இரும்பு சீவும் சத்தம். நாங்கள் தேடியது கடைசி வரிசையில் ஒரு தகரக் கொட்டகை. மெஷின்களுக்கு ரப்பர் வளையம் வெட்டும் இடம். உரிமையாளர் ராஜேந்திரன், அதிகம் பேசாத மனிதர். சரளாவைக் காகிதத்தின் மேல் நிற்கவைத்து, பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்தார். சுண்டுவிரல் இல்லாத இடத்தில் பென்சில் ஒரு கணம் நின்று, பிறகு வளைந்து போனது. சரளா குனிந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆணி அடிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு கூட அடிக்க மாட்டேங்க. பசை, தையல், அவ்ளோதான். ஆணி மேல வந்தா இவங்களுக்குத் தெரியாதே."

பின்னால் வார் வைத்து, முன்னால் ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ பட்டை இரண்டு வைத்து, மதியம் ஒன்றே காலுக்குக் கையில் கொடுத்தார். நூற்று அறுபது ரூபாய். "மொத நாள் ஒரு மணி நேரம்தான் போடணும். கழட்டிப் பாருங்க. செவப்பு இருந்தா எங்கிட்ட எடுத்துட்டு வாங்க" என்றார். சரளா கொட்டகைக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்தாள். "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "தெரியலைங்க. ஆனா பயமா இல்ல" என்றாள்.

திரும்பும்போது திருநீர்மலை தாண்டியதும் சரளா என் கையைப் பிடித்து அழுத்தினாள். முன்னால் பிரேக் மிதியைக் காட்டினாள். அது ஈரமாக, கருஞ்சிவப்பாக இருந்தது.

"அண்ணா, வண்டிய கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க."

"இன்னாக்கா? வாந்தி வருதா?"

"உங்க வலது காலைத் தூக்கிப் பாருங்க."

கன்னியப்பன் காலை மடக்கித் தொடைமேல் வைத்துப் பார்த்தார். குதிகாலில் லேத்தில் சீவி விழுகிற இரும்புச் சுருள் ஒன்று பாதிக்கு மேல் உள்ளே ஏறியிருந்தது. அவர் அதை விரலால் தொட்டார், அசைத்தார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தார். "வலிக்கவே இல்லையேக்கா" என்றார்.

சரளாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவள் புதுசாக வாங்கிய சாக்ஸ் ஒன்றை எடுத்து, சுருளை இழுக்கவிடாமல் அந்தக் காலைச் சுற்றிக் கட்டினாள்.

"இரும்புலியூருக்கு விடுங்க. எனக்குத் தெரிஞ்ச சிஸ்டர் இருக்காங்க."

"இன்னும் ரெண்டு சவாரி கீதுக்கா. சாயந்தரமா பாத்துக்கறேன்."

"நானும் அப்படித்தான் சொன்னேன்" என்றாள் சரளா. புதுச் செருப்பின் பட்டையைப் பிரித்து, சாக்ஸை உருவி, வலது பாதத்தை அவர் பார்க்கும்படி நீட்டினாள். நடுரோட்டில், முன்பின் தெரியாத ஓர் ஆளிடம். எனக்கே காட்டக் கூசிக்கொண்டு மாதக்கணக்கில் போர்வைக்குள் மறைத்துவைத்த கால் அது.

கன்னியப்பன் குதிகால் படாமல் விரல்களால் பிரேக்கை மிதித்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.

ரோஸி சிஸ்டர் சுருளை எடுத்துச் சுத்தம் செய்து, டி.டி. ஊசி போட்டு, ரத்தத்தில் சர்க்கரை பார்த்தார். அளவைச் சொன்னபோது கன்னியப்பன், "எனக்கா? எங்க வூட்டுல யாருக்குமே கெடையாதே சிஸ்டர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அங்கே இருந்த டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, இரண்டு வாரம் வண்டி எடுக்கக் கூடாது என்றார். அந்த இரண்டு வாரமும் கன்னியப்பன் சொன்னபடி கேட்டார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். புண் மூடிவிட்டது.

வண்டலூர் பயணம் ஐந்து வாரம் கழித்து. அதுவரை சரளா வீட்டுக்குள் கால் மணி, தெருமுனை வரை அரை மணி என்று செருப்புக்குப் பழகினாள். கன்னியப்பன் கூடுவாஞ்சேரிக்கே வந்து அழைத்துப் போனார். பணம் கொடுத்தும் வாங்கவில்லை. காலில் பின்வார் வைத்த செருப்பு போட்டிருந்தார். "பிரேக்கு பழகிடுச்சுக்கா" என்றார்.

காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனோம். முழுச் சுற்றும் அவளால் முடியாது என்று தெரியும். சிங்கம் வரை போவது, அரை மணிக்கு ஒரு முறை உட்கார்ந்து பாதத்தைப் பார்ப்பது என்று பேசிவைத்திருந்தோம். சாலையின் இரண்டு பக்கமும் மரம். மான்களைப் பார்த்தோம். பறவைக் கூண்டுகளின் முன்னால் அவள் நிறைய நேரம் நின்றாள். முதல் முறை பார்த்தபோது பாதம் சுத்தமாக இருந்தது. சாக்ஸ் வெள்ளை மாறாமல் இருந்தது. அவள் வேர்க்கடலை வாங்கித் தின்றபடி, டைப்ரைட்டிங் வகுப்புப் பெண்களைப் பற்றி ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தாள். நாலு மாதப் படுக்கையில் நான் மறந்தே போயிருந்த பேச்சு அது.

10.10-க்கு ஒரு சிமென்ட் பெஞ்சில் இரண்டாவது முறை. வலது கட்டை விரலின் அடியில் எட்டணா அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தினேன், வெளுக்கவில்லை. சுட்டது.

"கொஞ்ச நேரம் உக்காந்தா போயிடும்" என்றாள்.

இருபது நிமிடம் உட்கார்ந்தோம். போகவில்லை.

"சிங்கம் இன்னும் எவ்வளவு தூரங்க?"

"ஒரு கிலோமீட்டர் இருக்கும்."

"வலிக்கல."

"தெரியும்."

போகலாம் என்று சொல்ல எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே. அவள் வளைந்து போகிற சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குழந்தைகள் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு குனிந்து சாக்ஸை உதறினாள், புரட்டினாள், சுருக்கம் இல்லாமல் இழுத்து மாட்டினாள்.

"வீட்டுக்குப் போயிடலாங்க. இந்தக் கால் எனக்கு இன்னும் ரொம்ப நாள் வேணும்."

வாசல் வரை திரும்பி நடப்பதும் ஒன்றரை கிலோமீட்டர். புல்லுக்கட்டு ஏற்றிய வேன் ஒன்று வந்தது. கையைக் காட்டினேன். ஓட்டுநரிடம் விஷயத்தைச் சொன்னதும், "முன்னால ஒரு ஆளு குந்தலாம் சார். பின்பக்கமா சுத்திக்கினு போவேன், பரவால்லியா?" என்றார். சரளாவை ஏற்றிவிட்டு நான் நடந்தேன்.

நான் வாசலுக்கு வந்து பத்து நிமிடம் கழித்து வேன் வந்தது. அவள் இறங்கும்போது முகம் என்னவோ போல் இருந்தது.

"சிங்கத்தோட கூண்டுக்குப் பின்னாடி வண்டிய நிறுத்தி ஏதோ இறக்கினாங்க. நடுவுல சுவர். ஒண்ணும் தெரியல. ஆனா கத்துச்சுங்க. வண்டியே அதிர்ந்துது." குனிந்து தன் காலைப் பார்த்தாள். "கால்லயும் தெரிஞ்ச மாதிரி இருந்துது. எனக்குத்தான் அப்படித் தோணுச்சோ என்னமோ."

இரண்டு நாள் காலைத் தரையில் வைக்கவிடவில்லை. ராஜேந்திரன் அந்த இடத்தில் ரப்பரைக் கொஞ்சம் குழித்துக் கொடுத்தார். சிவப்பு மறைந்தது, புண்ணாகவில்லை. மறுபடி போகலாம் என்றுதான் இருந்தோம். அடுத்த வருஷம் அவளுக்குக் கண்ணில் பிரச்சினை, அதன் பிறகு சிறுநீரகம். வண்டலூருக்குப் போக வாய்க்கவில்லை. சரளா போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடைசி வரை கழிவறைக்கும் வாசலுக்கும் யார் தோளையும் பிடிக்காமல் தன் காலாலேயே நடந்தாள்.

இனி கேட்டவருக்கு. செவ்வாய்க்கிழமை விடுமுறை, வேறு நாளில் போங்கள். காலை ஒன்பதுக்குள் உள்ளே நுழைந்துவிடுங்கள். இப்போது பேட்டரி வண்டி ஓடுகிறது, தயங்காமல் ஏறுங்கள். புதுச் செருப்போடு முதல் பயணம் வேண்டாம், மூன்று வாரமாவது வீட்டில் பழகட்டும். போடுவதற்கு முன் செருப்புக்குள் கைவிட்டுத் துழாவிப் பாருங்கள், ஒரு சின்னக் கல் போதும். சாக்ஸ் வெள்ளை, பருத்தி, மேலே இறுக்கம் கூடாது. மாற்றுக்கு ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். விரலிடுக்கு ஈரமாக இருக்கக் கூடாது. குதிகாலுக்கு எண்ணெய் தடவலாம், இடுக்கில் தடவாதீர்கள். ஆணிக்கால் இருந்தால் பிளேடு வைக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள். அரை மணிக்கு ஒரு முறை உட்கார்ந்து பாதத்தைப் பாருங்கள். சிவப்பு இருபது நிமிடத்தில் மறையவில்லை என்றால், எதிரே எந்த மிருகம் நின்றாலும் திரும்பிவிடுங்கள்.

கூடப் போகிறவருக்கும் ஒன்று. நான் எப்போதும் வேகமாக நடக்கிறவன், கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுக்குப் பத்தடி முன்னால்தான் போவேன். அன்றைக்கு மட்டும் அவள் பக்கத்திலேயே, அவள் வேகத்திலேயே நடந்தேன். ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. எனக்கு அது போதவில்லை.