சந்தனம் பூசிய சிப்

எங்கள் துறைத்தலைவர் கனகவேல் இறந்துவிட்டார் என்ற செய்தி, திருத்தங்கல் ரயில்வே கேட்டில் நின்றிருந்தபோது வந்தது. கல்லூரி வாட்ஸ்அப் குழுவில், கிளம்பும் ராக்கெட்டுக்கு முன்னால் அவர் கைகட்டி நிற்பதுபோல் படத்தை ஒட்டி, ‘விண்வெளி விஞ்ஞானி மறைந்தார்’ என்று போட்டிருந்தார்கள். அச்சகம் நிறைந்த ஊர். மதியத்துக்குள் அதுவே போஸ்டராகி பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்குப் போஸ்டர் போதும்.

நான் வடிவமைத்தது ஒரு காந்த நினைவகச் சிப். சாதாரண நினைவகம் தகவலை மின்னூட்டமாக வைத்திருக்கும். விண்வெளிக் கதிர் பட்டால் மாறிப்போகும். காந்தத்தின் திசையாக எழுதி வைத்தால் அவ்வளவு எளிதில் மாறாது. ஆனால் எழுதியதைப் படிக்கும் சுற்று பழையபடி டிரான்சிஸ்டர்தான். அதைக் கதிரில் வைத்துச் சோதித்தே ஆக வேண்டும். கனகவேல் சாருக்கு இந்த ‘ஆனால்’ பிடிக்கவே பிடிக்காது. “ஏம்மா, காந்தத்த எந்தக் கதிரு அசைக்கும்? சும்மா பயங்காட்டாதீக” என்பார். மேடையில் அதையே இன்னும் சத்தமாகச் சொல்வார், கைதட்டலும் கிடைக்கும்.

ஒரு சிறிய செயற்கைக்கோளில், அதன் கட்டளைகளை வைத்திருக்க எங்கள் சிப்புக்கு இடம் கிடைத்தது. சோதனைக்கு நாளும் கிடைத்தது. கதிர் உள்ளே இறங்குவதற்காக மேல்மூடியை நீக்கிய சிப்புகளைப் பெட்டியில் வைத்திருந்தேன். இடையில் ஆயுத பூஜை வந்தது. வெடி கம்பெனி, அச்சகம், லாரி என்று எதையும் விடாமல் பொட்டு வைக்கிற ஊர் இது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மின்னணுவியலில் முனைவர் பட்டம் வாங்கிய மனிதர் பெட்டியைத் திறந்து, மூடியில்லாத ஒவ்வொரு சிப்பின் மேலும் சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமமும் வைத்தார். ஒன்றுகூடத் தேறவில்லை.

“சாமி காரியந்தானம்மா. சோதிச்சாச்சுன்னு எழுதிருவோம், கையெழுத்தப் போடுங்க” என்றார். மறுத்தேன். மேலே போய்த் தப்பாகப் படித்தால் செயற்கைக்கோளே போய்விடும் என்றேன். கிடைத்த இடம் கைவிட்டுப் போனது. என் பிடிவாதத்தால்தான் போனது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னோடு பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பிறகு புதிதாகச் செய்த சிப்புகளை நானே கொண்டுபோய்ச் சோதித்தேன். காந்தம் அசையவில்லை, படிக்கும் சுற்று கதிர் பட்டுச் செயலிழந்தது. அவரிடம் வந்து சொன்னேன்.

“காந்தம் தப்பிச்சிருச்சுல்ல? அப்ப நாஞ் சொன்னது சரிதானே” என்று டீயை உறிஞ்சினார். இவருக்கு விவரம் போதாது, அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பாவம் என்று மன்னிக்கவும் செய்தேன்.

துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்களப் பத்தி வீட்ல எம்புட்டோ சொல்லுவாகம்மா. அந்தப் புள்ள கையெழுத்துப் போட்டிருந்தா சேட்டிலைட்டு மேல போயிக் கெட்டிருக்கும், சோதிக்காம அனுப்பக் கூடாதுன்னு எனக்கும் அப்பமே தெரியும்பாக.” அந்த அம்மா ஆறுதலாகத்தான் சொன்னார். நானும் தலையை ஆட்டிவிட்டு எழுந்தேன்.

தெரியாமல் செய்தார் என்றுதான் மன்னித்திருந்தேன். தெரிந்தே செய்திருக்கிறார். அந்த மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.