ரொட்டிக்கடை இல்லாத ரொட்டிக்கடைத் தெரு

குவைத் சிட்டியின் நடுவே, சந்தடியில்லாத எங்கள் தெருவை எல்லோரும் ரொட்டிக்கடைத் தெரு என்போம். ரொட்டிக்கடை மூடி, செல்போன் கடை வந்துவிட்டது. மூடிய தேதியைக்கூட நோட்டில் குறித்து வைத்திருந்தேன்.

ரூம் நண்பரின் மனைவி முதல்முறையாக ஊரிலிருந்து வந்தார். நண்பருக்கு டூட்டி. அதனால் முந்தைய நாளே போனில் மனைவியிடம், "டாக்சியில ஏறி ரொட்டிக்கடைத் தெருன்னு சொல்லு" என்றார்.

"இல்லாத கடையைச் சொல்றீங்களேண்ணே! அண்ணி எங்கே போய் நிப்பாங்களோ?"

"நோட்டை மூடுங்க தம்பி."

ஆனாலும் மறுநாள் டூட்டி முடிந்ததும் ரூமுக்குள் வராமல் தெருவிலேயே நின்றார்.

டாக்சி நேராகச் செல்போன் கடை முன் வந்து நின்றது. அண்ணி இறங்கி, "ரொட்டிக்கடை எங்கேங்க?" என்றார்.

"ரொட்டி மாஃபி!" என்று, 'இல்லை' என்பதை அரபியில் சொல்லிச் சிரித்தார் வயதான பட்டாணிய டிரைவர்.

கடை மூடிய தேதிக்குக் கீழே எழுதினேன்: தெரு இன்னும் திறந்திருக்கிறது.