கப்பலேறும் நாளில் கழலாத சக்கரம்

எனக்கு மன்னிக்கிற குணம் கிடையாது. காவடி எடுக்கும் பத்து நாள் விரதத்தில் மீனை விட்டிருக்கிறேன், கறியை விட்டிருக்கிறேன். அந்த ஃபோர்மன் மேலிருந்த கோபத்தை மட்டும் ஒரு நாளும் விட்டதில்லை. ஆகவே, ரிவியேர் தே ஸாங்கீ ஊரில் என் பஞ்சர் கடை வாசலில் அவருடைய கார் டயர் வெடித்து நின்றபோது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை.

எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட காலம் அது. பயந்துபோன பலர் வீடு வாசலை விற்றுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். ஃபோர்மனும் அப்படித்தான். பின்சீட்டில் மனைவி, கூரைமேல் பெட்டிகள், பிற்பகல் போர்ட் லூயியில் கப்பல். டயரை மாற்ற நட்டுகளை எல்லாம் கழற்றிவிட்டார். சக்கரம் அசையவில்லை. கடற்காற்றில் துருவேறி அப்படியே ஒட்டிப்போயிருந்தது. உதைத்தார், சுத்தியலால் தட்டினார், பெண்டாட்டியைத் திட்டினார். நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

பன்னிரண்டு வருஷம் முன்பு பெல் ஒம்ப்ர் கரும்புத் தோட்டத்து லாரிக் கொட்டகையில் அவர் ஃபோர்மன், நான் மெக்கானிக். இப்படி ஒட்டிக்கொண்ட சக்கரத்துக்கு அங்கே ஒரு வழி வைத்திருந்தோம். நட்டுகளை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு லாரியை முன்னும் பின்னும் நாலடி ஓட்டினால் வண்டியின் பாரத்திலேயே சக்கரம் விட்டுக்கொடுக்கும். ஆனால் நட்டைத் தளர்த்தியவன் உடனே தன் ஓலைத் தொப்பியை ஸ்டியரிங்கில் மாட்டிவிட வேண்டும். தொப்பி தொங்கும் வண்டியை எந்த டிரைவரும் தொடமாட்டான். ஃபோர்மன் தலையில் இருந்ததோ துரைமார் போடுகிற வெள்ளைத் தக்கைத் தொப்பி. சாப்பிடும்போதுகூட அதைக் கழற்றாத மனிதர், கூலிக்காரர்களைப் போல ஸ்டியரிங்கிலா மாட்டுவார்?

அன்று என்னை ஸ்டோருக்குக் கிரீஸ் எடுத்துவர அனுப்பிவிட்டு ஒரு லாரியின் சக்கரத்தை அவரே தளர்த்தினார். பாதியில் துரை கூப்பிட்டார் என்று போய்விட்டார். டிரைவர் வந்தான், தொப்பியைக் காணோம், வண்டியை எடுத்துக்கொண்டு போனான். கரும்பு ஏற்றி இறக்கத்தில் வரும்போது சக்கரம் கழன்று ஓடியது. அதே லாரியில் சுமை ஏற்றும் வேலை பார்த்த என் அண்ணன் கட்டுகளின் மேலிருந்து கீழே விழுந்து, இடது கால் முழங்காலோடு போயிற்று.

தளர்த்தியது நான்தான் என்றும் தொப்பி மாட்ட மறந்துவிட்டேன் என்றும் ஃபோர்மன் விசாரணையில் கூசாமல் சொன்னார். என் பேச்சு எடுபடவில்லை. வேலை போயிற்று, தோட்டத்துக் குடியிருப்பில் இருந்த அறையும் போயிற்று. அண்ணனுக்கு மட்டும் இரக்கப்பட்டு ராத்திரி வாட்ச்மேன் வேலையும் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகர வீடும் கொடுத்தார்கள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்தினார், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. தம்பியின் அசட்டையால்தான் கால் போயிற்று என்று அவர் நம்புகிறார் என நினைத்து எத்தனையோ நாள் சோறு இறங்காமல் எழுந்திருக்கிறேன். இரண்டு தரம் அவர் வீட்டுக்குப் போனேன்; அண்ணி கதவைத் திறக்கவில்லை.

அந்த ஃபோர்மன் இப்போது என் கடை வாசலில் வியர்வை வழிய நிற்கிறார். இன்றைக்கு விட்டால் தீவை விட்டே போய்விடுவார். எழுந்துபோய் நான் யாரென்று சொன்னேன். அவர் கையிலிருந்த சுத்தியல் மெல்ல இறங்கியது. நாங்கள் பேசியது தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“சக்கரத்த பத்து நிமிஷத்துல எடுத்துக் குடுத்துருவேன். அதுக்கு முன்னாடி பக்கத்துல சந்தைக்கு வாங்க. எங்கண்ணன் அங்க கீரை வித்துக்கிட்டு இருக்காரு. அன்னைக்கு நட்டைத் தளர்த்துனது யாருன்னு அவர்கிட்ட உங்க வாயால சொல்லணும். முடியாதுன்னா இங்கயே நில்லுங்க, கப்பல் உங்கள விட்டுட்டுப் போகட்டும்.”

சக்கரத்தை எடுக்கும் வழி அவருக்கும் தெரியும்; அந்த விபத்துக்குப் பிறகு தளர்ந்த நட்டோடு வண்டியை நகர்த்தத் துணிவில்லை போலிருக்கிறது. கெஞ்சினார், அதட்டினார். நான் மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தேன். கடைசியில் அவர் மனைவிதான் ஜன்னல் வழியே தலையை நீட்டி, நாட்டை விட்டே போகிறோம், இனி எந்த மானத்தைக் காப்பாற்றப் போகிறீர்கள், போய்ச் சொல்லித் தொலையுங்கள் என்றாள்.

சந்தையில் நல்ல கூட்டம். தகர வீட்டின் பின்னால் பயிரிட்ட கீரையையும் சௌசௌவையும் பரப்பி வைத்துக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஃபோர்மன் அவர் எதிரில் நின்று, நாலு பேர் காதில் விழும்படி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் இனித்தது. அண்ணன் ஊன்றுகோலை எடுத்து அவர் மண்டையில் ஒரு போடு போடுவார், அப்புறம் என்னைப் பார்த்து அழுவார் என்று காத்திருந்தேன்.

அண்ணன் கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே ஃபோர்மனிடம் சொன்னார்: “தெரியும். அன்னைக்கு லாரிக்குள்ளதான் படுத்திருந்தேன். நீங்க ஸ்பானரோட குந்தியிருந்ததப் பாத்தேன். முடுக்குறீங்கன்னு நெனச்சிட்டேன்.”

நான் ஃபோர்மனை விலக்கிவிட்டு அண்ணன் எதிரில் குந்தினேன். பிறகு, அதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லியிருந்தா அந்த வீட்டக் குடுத்திருப்பாங்களா, தம்பி? மூணு பிள்ளைங்க. எனக்குக் காலு போச்சு. உனக்கு ரெண்டும் இருந்துச்சு. நீ எங்க போனாலும் பொழச்சுக்குவேன்னு விட்டுட்டேன். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்கிட்டப் பேசுறது?”

நான் ஃபோர்மனைக் கூட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பினேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். நட்டுகளைத் தளர்வாக மாட்டி, காரை ஜாக்கியிலிருந்து இறக்கி, முன்னும் பின்னும் ஆட்டியதும் சக்கரம் ‘டக்’கென்று விட்டுக்கொடுத்தது. வேறு சக்கரத்தைப் போட்டு, ஒவ்வொரு நட்டையும் நன்றாக முடுக்கி அனுப்பினேன். ஃபோர்மன் நன்றி சொன்னாரா என்று நினைவில்லை. அவர்மேல் கோபப்படக்கூட எனக்கு நேரமில்லை.

அவர் அந்நியர், தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொன்னார். அண்ணனும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். பன்னிரண்டு வருஷம் என் வயிறு எரிந்ததை அவர் சந்தைக்கு வரும்போதும் போகும்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து அண்ணன் இறந்தார். அண்ணி ஆளனுப்பி, எடுக்கும் நேரத்தையும் சொல்லியிருந்தாள். நான் அன்று கடையை மூடவில்லை. வந்த வண்டிகளுக்கெல்லாம் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.